டயருக்கு வரி குறைந்தும் பழைய பைக்கின் சர்வீஸ் பில் குறையாதது ஏன்? செலவைக் கட்டுப்படுத்துவது எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி வாங்கியவர்களுக்கு அதன் பலன் ஷோரூமிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கி ஓட்டுபவர்களின் கேள்வி வேறு: “டயருக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும்கூட வரி குறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் சர்வீஸ் பில் மட்டும் ஏன் குறையவே மாட்டேங்குது?”

அலுவலகம் போய் வருபவருக்கு இது மாதக் கடைசிக் கவலை. உணவு டெலிவரி, பைக் டாக்ஸி என வண்டியையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு இது வருமானத்தில் நேரடியாக விழும் வெட்டு. எதில் உண்மையிலேயே மிச்சம் பிடிக்கலாம், எதில் மிச்சம் பிடித்தால் பிறகு இரண்டு மடங்காகக் கொடுக்க நேரிடும் என்பதைப் பார்க்கலாம்.

வரி எதற்குக் குறைந்தது, எதற்குக் குறையவில்லை?

புதிய டயர்களுக்கும் இருசக்கர வாகன உதிரி பாகங்களுக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. உதாரணத்துக்கு, வரிக்கு முன் 1,500 ரூபாய் விலையுள்ள ஒரு டயர், முன்பு வரியுடன் 1,920 ரூபாய். இப்போது 1,770 ரூபாய். மிச்சம் 150 ரூபாய்.

ஆனால் டயரை மாதாமாதம் மாற்றுவதில்லை. சர்வீஸ் பில்லில் அடிக்கடி வருபவை இன்ஜின் ஆயிலும் லேபர் சார்ஜும்தான். இந்த இரண்டுக்கும் வரி முன்பும் 18 சதவீதம், இப்போதும் 18 சதவீதம். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறிய மெக்கானிக் கடைகள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், அங்கே லேபருக்கு முன்பும் தனியாக வரி போடப்படவில்லை. ஆக, ஒரு சாதாரண ஆயில் சர்வீஸ் பில்லில் வரிக் குறைப்பின் தடயமே இருக்காது. பிரேக் ஷூ, செயின் செட், டயர் என்று பாகங்களை மாற்றும்போதுதான் அது கண்ணில் படும். அப்போதும் பழைய விலையிலேயே பில் போடப்படுகிறதா என்று பார்த்து, ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குவது நல்லது.

புது வண்டி விலை குறைந்ததில் பழைய வண்டிக்காரருக்கு என்ன?

ஷோரூம் விலை 80,000 ரூபாயாக இருந்த ஒரு வண்டிக்கு வரிக் குறைப்பு முழுமையாக வந்து சேர்ந்தால், விலை 73,750 ரூபாய் ஆகிறது. அதாவது புதுசுக்கும் பழசுக்கும் இடையில் இருந்த விலை வித்தியாசத்தில் சுமார் 6,000 ரூபாய் கரைந்துவிட்டது. “பழசு வாங்கினா காசு மிச்சம்” என்ற கணக்கு முன்பைவிட இறுக்கமாகிவிட்டது.

வாங்கிய முதல் ஆண்டிலேயே டயர் இரண்டு, செயின் செட், கிளட்ச் பிளேட், பேட்டரி என்று வரிசையாக மாற்ற வேண்டி வந்தால், மிச்சம் பிடித்த தொகை அங்கேயே போய்விடும். பழைய பைக் லாபமா நஷ்டமா என்பதை வாங்கிய விலையைவிட, அடுத்த இரண்டு ஆண்டுகளின் பராமரிப்புச் செலவுதான் தீர்மானிக்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ்?

“மூணு மாசம் ஆச்சு, சர்வீஸ் விட்டுடலாம்” என்பது பொதுவான பழக்கம். ஆனால் வண்டிக்கு நாள்காட்டியைவிட ஓடிய தூரம்தான் முக்கியம். தினமும் 20 கி.மீ. ஓட்டும் ஒருவருக்கு ஆண்டுக்கு 300 நாளில் 6,000 கி.மீ. ஆகிறது. தினமும் 100 கி.மீ. ஓட்டும் டெலிவரி ஊழியருக்கு மாதம் 26 நாளில் 2,600 கி.மீ.; ஆண்டுக்கு 31,000 கி.மீ.க்கு மேல். இருவருக்கும் ஒரே சர்வீஸ் கணக்கு பொருந்தாது. முன்னவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் அநேகமாக அது வீண் செலவு. பின்னவர் மூன்று மாதம் காத்திருந்தால் பல மாடல்களில் அது இன்ஜினுக்கு ஆபத்து.

இன்ஜின் ஆயில் மாற்றும் இடைவெளி மாடலுக்கு மாடல் 3,000 கி.மீ.யிலிருந்து 10,000 கி.மீ. வரை வேறுபடுகிறது. தங்கள் வண்டிக்கு எது என்பதை ஓனர்ஸ் மேனுவல் சொல்லும். செகண்ட் ஹேண்ட் வண்டியோடு ஆர்.சி. வரும், இன்சூரன்ஸ் வரும். மேனுவல் பெரும்பாலும் வராது. பல நிறுவனங்கள் அதைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. மாடலையும் ஆண்டையும் போட்டு இறக்கிக்கொண்டால், ஆயில் தரம், டயர் அளவு, காற்றழுத்தம், செயின் தொய்வு என எல்லாவற்றுக்கும் பதில் கையில் இருக்கும். மெக்கானிக்கிடம் பேசும்போதும் அதுதான் பலம்.

தூரம் குறைவாக ஓட்டுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கி.மீ. எட்டாவிட்டாலும், மேனுவல் சொல்லும் கால வரம்புக்குள் ஆயிலை மாற்றிவிட வேண்டும். நின்றுகொண்டே இருந்தாலும் ஆயில் கெடும்.

வாங்கிய முதல் மாதம் செய்ய வேண்டியது என்ன?

முந்தைய உரிமையாளர் “போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்” என்று சொல்வார். பில் இல்லையென்றால் அதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. முதல் மாதத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அதன்பின் எதை எப்போது மாற்ற வேண்டும் என்பது தெளிவாகிவிடும்:

• இன்ஜின் ஆயில் மாற்றுவது. ஆயில் ஃபில்டர் இருக்கும் மாடலில் அதையும் சேர்த்து.
• ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது.
• பிரேக் ஷூ அல்லது பேட், பிரேக் ஆயில் ஆகியவற்றின் நிலை.
• செயின் தொய்வும் ஸ்பிராக்கெட் பற்களின் கூர்மையும்.
• கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களில் பிசிறு.
• ஹேண்டில் திருப்பும்போது கோன் செட்டில் தட்டல், சக்கரத்தை ஆட்டும்போது பேரிங்கில் ஆட்டம்.
• இரண்டு டயர்களின் தயாரிப்புத் தேதி.

அன்றைய கி.மீ. அளவை ஓடோமீட்டரில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த சர்வீஸுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எதில் மிச்சம் பிடிக்கவே கூடாது?

பைக்கில் பெரிய செலவுகள் பெரும்பாலும் சின்னச் செலவைத் தள்ளிப்போட்டதில்தான் பிறக்கின்றன. தேய்ந்த டிஸ்க் பிரேக் பேடை மாற்றாமல் ஓட்டினால், பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை டிஸ்க்கையே மாற்றும் வேலையாகிவிடும். செயினுக்கு ஆயில் விடாமல் ஓட்டினால் அது ஸ்பிராக்கெட்டையும் சேர்த்துத் தின்னும். செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஸ்பிராக்கெட்டை வைத்திருந்தால், புதுச் செயினும் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் இவை செட்டாக மாற்றப்படுகின்றன.

செயின் பராமரிப்பு, வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளில் அதிகப் பலன் தருவது. சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் ஓட்டிய பிறகும், அழுக்கைத் துடைத்துவிட்டு கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ போட்டால் போதும். வடித்தெடுத்த கறுப்பு வேஸ்ட் ஆயிலை ஊற்றுவது பல கடைகளில் உள்ள வழக்கம். இன்ஜினில் தேய்ந்த இரும்புத் துகள்களும் அழுக்கும் அதில் இருப்பதால், மிச்சம் போலத் தெரியும் அந்த இலவச ஆயில் செயினைத்தான் அரைக்கும்.

இன்ஜின் ஆயிலில் விலையைவிடத் தரக் குறியீடு முக்கியம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து இயங்குகிறது. இவற்றுக்கான ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ’ அல்லது ‘எம்.ஏ2’ என்று குறிக்கப்பட்டிருக்கும். கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்க்கப்பட்டிருக்கலாம்; அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அதேநேரம், 20டபிள்யூ-40 போட வேண்டிய சாதாரண 100 சிசி வண்டிக்கு விலை உயர்ந்த முழு சிந்தெடிக் ஆயில் போட வேண்டிய அவசியமும் இல்லை. மேனுவல் சொல்லும் தரத்தில் சாதாரண ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதே போதுமானது.

சர்வீஸ் பில்லில் எதை ‘வேண்டாம்’ எனலாம்?

வண்டியை விட்டதும் “ஜெனரல் சர்வீஸ் போட்டுடலாம்ணே” என்ற குரல் வரும். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்பதுதான் முதல் சிக்கனம். பிரேக் கிளீனிங், செயின் டைட், கேபிள் ஆயிலிங், போல்ட் டைட் போன்றவை தேவையான வேலைகள். டெஃப்லான் கோட்டிங், பாலிஷ், ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஃப்ளஷ் போன்றவை வண்டி ஓடுவதற்கு அவசியமானவை அல்ல. டயருக்கு நைட்ரஜன் காற்று என்று தனிக் கட்டணம் கேட்கப்படுவதும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாராவாரம் காற்று பார்ப்பவருக்கு அது கூடுதல் செலவே.

வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு, கூடுதல் வேலை என்றால் முன்கூட்டியே போன், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவது. இந்த மூன்றையும் கேட்டு வாங்கினாலே தேவையில்லாத பல வரிகள் பில்லில் ஏறாது. பழைய பிரேக் ஷூவைக் கையில் வாங்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தால், பாதி தேய்ந்ததை மாற்றிவிட்டுக் காசு வாங்குவது கடினம்.

டயர்: மலிவாக வாங்குவதா, அதிக நாள் ஓட்டுவதா?

டயர் செலவைக் குறைக்கக் கடையில் பேரம் பேசுவதைவிட, இருக்கும் டயரை முழு ஆயுளுக்கும் ஓட்டுவதுதான் லாபம். அதற்கு முதல் தேவை காற்று. காற்று குறைவாக இருந்தால் டயரின் ஓரங்கள் தேயும், மைலேஜும் குறையும். அளவுக்கு அதிகமாக இருந்தால் நடுப்பகுதி மட்டும் வழவழப்பாகும். பல 100–125 சிசி வண்டிகளில் ஒருவர் மட்டும் ஓட்டும்போது முன்சக்கரத்துக்கு 25 பிஎஸ்ஐ, பின்சக்கரத்துக்கு 28 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் தேவை. சரியான அளவு மேனுவலிலும், பல வண்டிகளில் செயின் கவர் அருகே உள்ள ஸ்டிக்கரிலும் இருக்கும். நீண்ட தூரம் ஓடிச் சூடான டயரில் அழுத்தம் அதிகமாகக் காட்டும். அதனால் காலையில், வீட்டுக்கு அருகிலுள்ள பெட்ரோல் பங்கில் பார்ப்பதே சரி. அங்கே காற்று இலவசம்.

புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். ‘2324’ என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. இரண்டு, மூன்று ஆண்டுப் பழைய ஸ்டாக் என்றால் புதியதைக் கேட்கலாம். அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். செகண்ட் ஹேண்ட் வண்டியில் பட்டன் நன்றாக இருந்தும் டயர் பிடிப்பில்லாமல் வழுக்கினால், காரணம் வயதாகத்தான் இருக்கும். ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் சில தரும் அறிவுரை.

எப்போது மாற்றுவது? டயரின் பள்ளங்களுக்குள் ‘டிடபிள்யூஐ’ எனப்படும் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதற்கு முன்பே மாற்றுவது வீண். அதற்குப் பின் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-வது விதி டயரின் நிலையைப் பற்றியதுதான். மழைக்காலத்தில், தேய்ந்த டயருக்கு நீரை விலக்கித் தள்ளும் பள்ளமே இருக்காது. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. “இன்னும் ஒரு மாசம் ஓட்டிக்கலாம்” என்ற கணக்கை இதோடு சேர்த்தே போட வேண்டும்.

இரண்டு டயரையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. வண்டியை இழுப்பது பின்சக்கரம் என்பதால் பொதுவாக அது முதலில் தேயும். அதை மட்டும் மாற்றலாம். கம்பெனி அளவைவிட அகலமான டயர் போடுவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் மைலேஜ் குறையும், சில வண்டிகளில் செயின் கவரில் உரசும். ரீட்ரெட் செய்த டயரை பைக்கில் போடுவதைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டே சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு ஒன்று கிழிந்தாலும் தப்பிக்க வழியில்லை.

டியூப் டயர் என்றால், புது டயரோடு புது டியூபும் போடுவதுதான் முறை. நீண்டு மடிந்த பழைய டியூப் அடிக்கடி பஞ்சராகும். டியூப்லெஸ் டயரில் நடுப்பகுதியில் ஆணி குத்தினால் குச்சி வைத்து அடைக்கலாம். பக்கவாட்டில் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டும். பஞ்சர் கடையில் எத்தனை ஓட்டை என்பதை சோப்புத் தண்ணீர் ஊற்றி, கண் முன்னே காட்டச் சொல்வது நல்லது. கட்டணம் குச்சிக் கணக்கில்தான் வருகிறது. டயர் வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும். தயாரிப்புக் குறை என்றால் நிறுவன வாரண்டி கேட்க அது தேவை.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா?

வாரண்டி காலம் மீதமுள்ள வண்டி என்றால், அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு கம்பெனி சர்வீஸிலேயே தொடர்வது சிக்கலைத் தவிர்க்கும். வாரண்டி முடிந்த பின், ஆயில், பிரேக், செயின், கேபிள் போன்ற வேலைகளுக்கு நம்பிக்கையான வெளி மெக்கானிக் போதும்; லேபர் குறையும்.

ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் தயாரான வண்டிகளில் கதை கொஞ்சம் மாறுகிறது. கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், சைலன்சரில் ஆக்சிஜன் சென்சார் என்று வந்துவிட்டதால், காதால் கேட்டு ட்யூன் செய்யும் காலம் போய்விட்டது. இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போவதே மலிவு. ‘இதா இருக்கும், அதா இருக்கும்’ என்று பாகங்களை மாற்றிப் பார்த்தால் செலவு எகிறிவிடும். இந்த வண்டிகளில் பெட்ரோலை எப்போதும் ரிசர்வில் வைத்து ஓட்டுவதும் சிக்கனமல்ல. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் சூடு தணிகிறது.

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். இண்டிகேட்டர், மட்கார்டு, ஹேண்டில் பார், சைடு பேனல் போன்றவற்றுக்கு அது நல்ல வழி. பிரேக், டயர், பேரிங், கேபிள் ஆகியவற்றுக்கு அல்ல.

பழுது பார்க்கும் உரிமை என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. உதிரி பாகங்களை வெளிச் சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது. சர்வீஸ் சென்டரில் சொல்லாத வேலைக்குப் பணம் பிடித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். புகார் நிற்க பில் வேண்டும்.

இ20 பெட்ரோலால் செலவு கூடுமா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களுடன் வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதற்கு முந்தைய வண்டிகள் ஏராளம். 2025 ஆகஸ்டில் இதுபற்றி விளக்கம் அளித்த மத்திய பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அது வழக்கமான சர்வீஸிலேயே குறைந்த செலவில் முடியும் என்று கூறியது.

அமைச்சகத்தின் பார்வையில் அது சிறிய செலவு. ஆனால் மாதம் 2,600 கி.மீ. ஓட்டுபவர் அந்த அளவை ஓர் ஆண்டுக்குள்ளாகவே எட்டிவிடுகிறார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் குழாய் இறுகியிருக்கிறதா, கசிகிறதா என்று பார்க்கச் சொல்வது நல்லது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் தன்மை இருப்பதால், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பதும் நல்லதல்ல.

சுமை யார் தலையில்?

தமிழக அரசு 2025–26 பட்ஜெட்டில், இணையவழிச் சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்குப் புதிய மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் அது புது வண்டிக்கு. பழைய பெட்ரோல் பைக்கில் ஓடிக்கொண்டிருப்பவரின் ஆயில், டயர், செயின் செலவு இன்னும் அவருடைய தினசரி வருமானத்திலிருந்துதான் போகிறது. ஆர்டர் ஒன்றுக்குக் கிடைக்கும் தொகையைக் கணக்கிடும்போது பெட்ரோலைக் கழிக்கும் பலர், டயர் தேய்மானத்தைக் கழிப்பதில்லை.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. செல்போனிலோ சின்ன நோட்டிலோ தேதி, கி.மீ., செய்த வேலை, கொடுத்த தொகை ஆகிய நான்கையும் எழுதி வருவது. ஓர் ஆண்டில் 12,000 கி.மீ. ஓடி, பராமரிப்புக்கு 7,200 ரூபாய் ஆகியிருந்தால், கி.மீ.க்கு 60 பைசா. அடுத்த ஆண்டும் அதே அளவில் இருந்தால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. டயர் போன்ற பெரிய செலவு எதுவும் இல்லாமலே அது இரட்டிப்பாகியிருந்தால், பழுதின் காரணத்தைத் தேட வேண்டும். இல்லையென்றால் விற்பதற்கான நேரம் வந்துவிட்டது என்று பொருள். விற்கும்போதும் பில்களோடு இருக்கும் அந்த நோட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. ‘போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்’ என்பதற்கு அதுதான் சாட்சி.